தூக்கிப் போட்டுப் பார்ப்பவர்

தபால்களைப் பிரிக்கும் கூடத்தில் முப்பது வருஷம் பார்சல்களைத் தூக்கிப் போட்டவர் அவர். ஓய்வு பெற்றதும் ஒரு ரேடியோ மெக்கானிக்கிடம், பழைய ரேடியோக்களை வெளியூருக்குக் கட்டி அனுப்பும் வேலையில் சேர்ந்தார்.

ஒரு நாள், கட்டி முடித்த பெட்டியை இடுப்புயரத்திலிருந்து அவர் தரையில் போட்டதைப் பார்த்து மெக்கானிக்கின் மனைவிக்கு உயிரே போய்விட்டது.

"என்னண்ணே இது, எழுபது வருஷத்து ரேடியோ."

"அங்க இதவிட மோசமாப் போடுவாங்கம்மா. நானே போட்டிருக்கேன்."

"'கண்ணாடி, கவனம்'னு எழுதி ஒட்டலாமே?"

"நான் ஒரு நாளும் அதப் படிச்சதில்ல."

பெட்டியைப் பிரித்துக் காட்டினார். ரேடியோவின் கண்ணாடி வால்வுகளைக் கழற்றி, ஒவ்வொன்றையும் பஞ்சில் சுற்றித் தனி டப்பாவில் வைத்திருந்தார். ரேடியோ இருந்த பெட்டி இன்னொரு பெட்டிக்குள் இருந்தது. இடையில் நான்கு விரற்கடைக்கு நுரைப்பஞ்சு. எதுவும் அசைந்திருக்கவில்லை.

பிறகு அவர் குரல் தாழ்ந்தது. "ஒரு தடவ நான் போட்டதுல உள்ள கண்ணாடி நொறுங்குற சத்தம் கேட்டுச்சு. யாரோடதுன்னுகூடப் பாக்காம அடுத்தத எடுத்துட்டேம்மா."

அவர் டேப் ஒட்டி முடிக்கும்வரை அவள் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

பத்தாம் நாள், அந்த ரேடியோவை வாங்கியவர் போன் செய்தார். வால்வுகளைச் செருகியதுமே ரேடியோ பாடியதாம். அவள் ஓடிவந்து சொன்னாள்.

"சரிம்மா" என்றார். அடுத்த பெட்டியை எடுத்து, யாருக்குப் போகிறது என்று முகவரியைப் படித்தார்.