டின்னில் போட்ட சம்பவம்

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் ரீடிங் எடுப்பது அவர் பிழைப்பு. மாடிப்படிக்கு அடியிலும் செருப்பு அலமாரிக்குப் பின்னாலும் தலையை நுழைத்தே பாதி ஆயுள் போயிருந்தது. நூலகத்து எழுத்துக் குழுவில் அவருக்கு மீட்டர்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு மனுஷன் எங்கிருந்தாலும் நூலகத்து மாடியறைக்கு வந்துவிடுவார். பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். முறை வைத்து ஆளுக்கொரு வாரம் எழுதியதைப் படிக்க வேண்டும், மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். வேறு எங்கேயும் அவர் பேச்சை யாரும் உட்கார்ந்து கேட்டதில்லை.

அவருடைய அண்ணனுக்கு இதெல்லாம் கேலி. ஒருமுறை சொந்தக்காரர்கள் கூடியிருந்தபோது, “கரண்ட் ரீடிங் எடுக்கறவன் கவிதை எழுதினா ஷாக்குதான் அடிக்கும்” என்று ஒரு போடு போட்டார். வீடே சிரித்தது. நியாயமாகச் சொன்னால் சிரிக்க வேண்டிய பேச்சுதான். மீட்டர்காரருக்கோ மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அன்றோடு பேச்சு நின்றது. நாலு நாள் மனஸ்தாபம் என்று நினைத்தது இரண்டு வருடம் ஓடிவிட்டது. அண்ணன் ஆஸ்பத்திரியில் படுத்தபோதும், அவரே கூப்பிடட்டும் என்று இவர் வீராப்பாக இருந்துவிட்டார்.

அண்ணன் கூப்பிடவும் செய்தார். அன்று வியாழக்கிழமை, மீட்டர்காரரின் முறை. தாளைப் பிரித்துக்கொண்டு எழுந்து நிற்கிறார், கையில் போன் அடிக்கிறது, அண்ணன் பெயர் தெரிகிறது. நல்ல நேரம் பார்த்தார் என்று மனதுக்குள் முனகிக்கொண்டே இரண்டாவது மணியில் துண்டித்துவிட்டு, போனையும் அணைத்துவிட்டுப் படித்தார். கைதட்டினார்கள். மறுநாள் விடிவதற்குள் அண்ணன் கண்ணை மூடிவிட்டார்.

அண்ணி முகத்தில் எப்படி முழிப்பது? “லைப்ரரியில வாசல்லயே போனை வாங்கி வச்சிடுவாங்க அண்ணி. கூப்பிட்டதே எனக்குத் தெரியல” என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தார். அண்ணி ஒன்றும் கேட்கவில்லை. ஞாயிறு தவறாமல் அவர் அண்ணி வீட்டுக்குப் போய்க் குழாய் மாற்றுவார், ஃபேன் துடைப்பார். எட்டு வருடமாக அந்தப் பொய் தொண்டையில் மாட்டிய மீன்முள் மாதிரி உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. அதற்குப் பிறகு அவரால் ஒரு வரி எழுத முடியவில்லை. அடுத்தவர் படிப்பதைக் கேட்க மட்டும் போய்க்கொண்டிருந்தார்.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. மேசை மேல் பழைய பிஸ்கட் டின் ஒன்று இருக்கும். தன்னால் எழுத முடியாத சம்பவத்தைச் சீட்டில் எழுதி, பெயர் போடாமல் அதில் போடலாம். வேறொருவர் எடுத்துக் கதையாக்கிக்கொள்ளலாம். யார் போட்டது என்று கேட்கக் கூடாது. மனசு கனத்துப்போன ஒரு வாரம், மீட்டர்காரர் ஆறே வரியில் எல்லாவற்றையும் எழுதிப் போட்டுவிட்டார். வீட்டுக்காரியிடம்கூடச் சொல்லாத விஷயம்.

அந்தச் சீட்டு அதே குழுவில் இருந்த, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அம்மாள் கையில் சிக்கியது அவருக்குத் தெரியாது. அந்த அம்மாளின் முதல் புத்தகம் வந்தது. நூலகத்தில் எழுத்தாளர் சந்திப்பு ஏற்பாடாயிற்று. “ஆளுக்கு ரெண்டு பேரையாவது கூட்டிட்டு வாங்க. காலி நாற்காலியப் பாத்து அவங்க பேசினா நமக்குத்தான் அசிங்கம்” என்றார் நூலகர். மீட்டர்காரர் தன் வீட்டுக்காரிக்கு உடம்பு சரியில்லை என்று அண்ணியை வற்புறுத்தி அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வைத்தார். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

“இந்தக் கதை நம்ம டின்னுல கெடைச்சது” என்று கண்ணாடிக்கடை அம்மாள் படிக்க ஆரம்பித்தார். மூன்றாவது வரியிலேயே அது தன் சீட்டு என்று மீட்டர்காரருக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து ஒரு இருமல் இருமியிருக்கலாம், அண்ணியைத் தண்ணீர் குடிக்கக் கூப்பிட்டிருக்கலாம். பாவி மனுஷன் உட்கார்ந்தே இருந்தார். கதையில் போன் இரண்டு மணி அடித்து நின்றது. ஆனால் கதையில் வரும் தம்பிக்கு மனசு கேட்கவில்லை. தாளைப் போட்டுவிட்டு ஓடுகிறான், அண்ணன் கையைப் பிடிக்கிறான். கூட்டம் மூக்கை உறிஞ்சியது.

கூட்டம் முடிந்து அண்ணி படியிறங்கினார். வாசலில் நின்று செருப்பு மாட்டினார். மீட்டர்காரரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

“அண்ணி, அந்தத் தம்பி நான்தான். ஆனா நான் ஓடல.”

“தெரியும் தம்பி. நம்பர் போட்டுக் குடுத்ததே நான்தானே. ரெண்டு மணி அடிச்சுது, கட்டாச்சு. வாசல்ல வாங்கி வச்ச போனு தானா கட்டாகுமா?”

“அப்புறம் ஏன் அண்ணி இத்தனை வருஷம் என்னை ஒரு வார்த்தை கேக்கல?”

“நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன். கடைசில யாரோ எவரோ எழுதிப் படிச்சுத்தான் கேக்கணும்னு இருந்திருக்கு.”

அவர் தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். “அண்ணன் எதுக்குக் கூப்பிட்டாரு?”

“இதக் கேக்க எட்டு வருஷமா உங்களுக்கு?” அண்ணியின் குரல் உடைந்தது. “அன்னைக்கு நீங்க படிக்கிற முறைன்னு உங்க வீட்டுல சொல்லியிருந்தாங்க. ‘போனை மேசை மேல வச்சுக்கிட்டே படிக்கச் சொல்றேன், பய என்னதான் எழுதறான்னு கேப்போம்’னாரு. கட்டானதும் நான் மறுபடி போடப் போனேன். விடலையே. ‘வேணாம், ஆரம்பிச்சுட்டான் போல, படிக்கட்டும்’னுட்டாரு.”