பேட்டரியில் ஊற்றிய தீர்த்தம்

எட்டாம் வகுப்பை முடிக்காமல் ஊரைவிட்டு ஓடிவந்தவன் நான். எந்த வேலையிலும் நிலைத்ததில்லை. லாரியில் கிளீனராக இருந்தேன், இட்லிக் கடையில் மாவாட்டினேன். எண்பதுகளின் கடைசியில் மதுரையில் ஒரு பேட்டரிக் கடையில் சேர்ந்தேன். ஆபீஸ்களில் அப்போதுதான் கம்ப்யூட்டர் வரத் தொடங்கியிருந்தது. கூடவே யூபிஎஸ் என்ற இரும்புப் பெட்டியும் வந்தது. கரண்ட் போனால் அது பேட்டரியிலிருந்து எடுத்துக் கொடுத்துக் கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் அணையாமல் வைத்திருக்கும். அதற்குள் பார்த்த வேலையைப் பத்திரப்படுத்தி நிறுத்திவிட வேண்டும். பேட்டரிகளைத் தூக்கிப்போய் மாட்டுவதும், வற்றினால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவதும் என் வேலை. ஆசிட் பட்டு என் சட்டைகளெல்லாம் சல்லடையாகக் கிடந்தன.

திருப்பரங்குன்றத்தில் ஒரு நூல் வியாபாரி, தம்பியின் தொல்லை தாங்காமல் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். சௌராஷ்டிரர். தறிக்காரர்களுக்கு நூல் கொடுத்துச் சேலை வாங்குகிற கணக்கையெல்லாம் அதில் ஏற்ற வேண்டும் என்பது ஏற்பாடு. அவருக்கு நம்பிக்கையில்லை. "தை பொறக்கட்டும். மிஷின் ஒழுங்காக் கணக்குச் சொன்னா இருக்கட்டும். இல்லேன்னா பழையபடி பேனாதான்" என்பார்.

மிஷின் போனால் அதை ஓட்டுகிற பெண்ணுக்கும் வேலை போய்விடும். ஆனையூரிலிருந்து பஸ் மாறி வருவாள். புருஷன் நெஞ்சுச் சளியில் படுத்த படுக்கை. வீட்டில் சம்பாதிப்பது இவள் ஒருத்திதான்.

நான் பேட்டரி மாட்டிய அன்று பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏண்ணே, இது எம்புட்டு நேரம் தாங்கும்?"

"பத்து நிமிசம் தாங்கும் தங்கச்சி. இதுல டேபிள் ஃபேனச் சொருகிட்டா ரெண்டே நிமிசந்தான்."

"மொதலாளிக்கு வேர்த்தா?"

"பனை விசிறி ஒண்ணு வாங்கிக் குடு."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மார்கழியில் ஆள் அனுப்பினார்கள். பிற்பகலில் கரண்ட் போயிருக்கிறது. பெட்டி ஒருமுறை கத்திவிட்டு அடங்கிவிட்டது. கணக்கைப் பதிந்து வைக்கிற பிளாப்பித் தட்டில் அது ஏறிக்கொண்டிருந்த நேரம். பிளாப்பியே கெட்டுப்போய், அவள் மாதக்கணக்காக ஏற்றியது ஒன்றும் மிஞ்சவில்லை.

பேட்டரி மூடிகளைத் திறந்தேன். நான் வந்து போய் நாளாகியிருந்தது. தண்ணீர் இறங்கியிருக்க வேண்டும். விளிம்புவரை நின்றது. அடியில் கலங்கலாக ஏதோ.

"யாரு தண்ணி ஊத்துனது?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"நாந்தாண்ணே. ஆயுத பூசைக்கு எல்லாத்தையும் கழுவித் தொடைச்சோம்ல, அன்னைக்கித் தெறந்து பாத்தேன். வத்திக் கெடந்துச்சு. சரவணப் பொய்கையில ஒரு செம்பு மோந்தாந்து ஊத்துனேன். அப்புறமும் வத்துனப்பல்லாம் அதத்தான் ஊத்துனேன். எங்க வீட்டுக்காரருக்கும் தெனம் அதத்தான் குடுக்குறேன்."

குளத்துத் தண்ணீரானாலும் குழாய்த் தண்ணீரானாலும், அதிலிருக்கிற உப்பு பேட்டரியைத் தின்றுவிடும். அதை அவளிடம் சொல்லாமல் மூடிகளை எடுத்துத் திருகத் தொடங்கினேன்.

முதலாளி உள்ளே வந்தார். "என்னப்பா ஆச்சு?"

"பேட்டரி செத்துப் போச்சு மொதலாளி."

"வாங்கி ஒரு வருசங்கூட ஆகலையே?"

"சிலது அப்படி அமைஞ்சிரும். மாத்திட்டாச் சரியாயிரும்."

அவர் சமாதானமாகிற மாதிரிதான் இருந்தது. பின்னாலிருந்து அவள் அழுகையோடு சொன்னாள்: "சாமி தண்ணி ஊத்தியும் போயிருச்சே மொதலாளி."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பேட்டரி மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். அவர் திட்டவில்லை. கிருத்திகை தவறாமல் மலைக்குப் போகிறவர். அந்தத் தண்ணீரைப் பற்றி என்ன சொல்வார்? பின்னாலேயே வந்திருந்த தம்பியிடம் தங்கள் சௌராஷ்டிரப் பேச்சில் ஏதோ சொன்னார், நாலைந்து வார்த்தைதான். தம்பி போய் வயர்களைப் பிடுங்கினார். ஒரு பழைய துண்டை எடுத்து மிஷின்மேல் போர்த்தினார்.

"என்னண்ணே சொன்னாக?" என்று என்னிடம் கேட்டாள்.

எனக்கு அந்தப் பேச்சு தெரியாது. துண்டைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

பஸ் ஸ்டாப்புக்கு ஒன்றாகத்தான் நடந்தோம். டிபன் வாளியை மார்போடு அணைத்திருந்தாள். ரயில்வே கேட் தாண்டியதும் கேட்டாள்.

"அந்தத் தண்ணியாலதான் போச்சாண்ணே?"

இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆமாம் என்றேன். உப்பு ஆகாது என்றேன்.

"அப்ப என்ன தண்ணிதான் ஊத்தணும்?"

"டிஸ்டில்டு வாட்டர்னு எங்க கடையில இருக்கு. ஆவியாக்கிப் பிடிக்கிறது. உப்பு, அழுக்கு ஒண்ணும் இருக்காது."

தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது.

"அம்புட்டுச் சுத்தமாண்ணே? அப்ப அதை எங்க வீட்டுக்காரருக்குக் குடுக்கலாமா?"

"அது பேட்டரிக்கு மட்டுந்தான், தங்கச்சி" என்றேன்.

சரிண்ணே என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.