ஐயாவின் பைப்புக்குப் போட்ட கொம்புத் தண்டு

முன்பு நான் வேலை பார்த்த வீட்டு மாமி வெள்ளைத் துணியை விரித்துப் பைப்பை என் முன்னால் நீட்டியபோது எனக்குக் கை எழவில்லை. செம்பூரில் அவர்கள் மகன் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தேன். புகையிலை அடைக்கிற மரக்குடுவை அதேதான். அதிலிருந்து வாய்க்குப் போகிற கறுப்புத் தண்டும் அதேதான். என் வீட்டுக்காரர் எருமைக் கொம்பில் கடைந்து போட்டது. அது சாக்கடையோடு போய் எத்தனையோ வருஷம் ஆயிற்று என்றுதான் நினைத்திருந்தேன். நுனியில் பல் பட்டுப் பட்டுக் குழி விழுந்து, கடைசியில் வாயே பிளந்திருந்தது. கொம்பு லேசில் தேயாது. வருஷக்கணக்காகக் கடித்தால்தான் அப்படி ஆகும்.

நான் வேலைக்குப் போன காலத்தில் அவர்கள் மாட்டுங்காவில் இருந்தார்கள். மாமியின் வீட்டுக்காரர் ஐயா பெரிய ஆபீசர். நான் தாராவியிலிருந்து நடந்துபோய் அந்த வீட்டைப் பெருக்கித் துடைத்துத் துணி துவைத்துக் கொடுப்பேன். சமையலறைப் படி தாண்டுவதில்லை. அவர்களும் கூப்பிட்டதில்லை, நானும் கேட்டதில்லை. சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் ஐயா பால்கனியில் உட்கார்ந்து பைப் பிடிப்பார். அது அவருடைய அப்பா வைத்திருந்தது. ரப்பரில் செய்த அதன் தண்டு வெளிறிப் பொரிந்து, ஒருநாள் பல்லிலேயே முறிந்துவிட்டது. கடைக்காரர்கள் பழசுக்குத் தண்டு கிடைக்காது, புதுப் பைப்பே வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்களாம். ஐயா முகம் வாடிப்போய் உட்கார்ந்திருந்தார்.

"குடுங்கய்யா, எங்க வீட்டுல உள்ளவுக பாப்பாக" என்றேன்.

என் வீட்டுக்காரருக்குக் கொம்பில் பட்டனும் சீப்பும் செய்கிற வேலை. தாராவியில் சொந்த மெஷின். கொம்பின் நுனிப்பக்கம்தான் உள்ளே பொந்து இல்லாமல் கெட்டியாக இருக்கும் என்று அதிலேயே தேடி எடுத்தார். நேராகத் துளை போட்டு, அதற்குள் கம்பியைச் செருகி, காய்ச்சிய எண்ணெயில் முக்கிப் பதமாக வளைத்தார். வாயில் வைக்கிற நுனியைத் தட்டையாக அழுத்தி, அரத்தால் இழைத்துப் பளபளப்பு ஏற்றினார். வீடெல்லாம் முடி பொசுங்கின நாற்றம். காற்றுப் போகிறதா என்று பார்க்கக்கூட அவர் அதை ஊதவில்லை. சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பை வைத்து அடித்துப் பார்த்தார். "ஊதிப் பாத்தா என்னவாம்?" என்றேன். "ஐயமாரு வாயில வைக்கிற சாமான் புள்ள. நாம எச்சில் பண்ணலாமா?" என்றார்.

இத்தனை பார்த்த மனுஷனுக்கும் எனக்கும், அது எருமைக் கொம்பு என்பது மட்டும் ஒரு விஷயமாகவே தோன்றவில்லை. எங்கள் தெருவில் கொம்பு என்றால் சரக்கு. தலைக்குச் சீப்பு, சட்டைக்குப் பட்டன். அவ்வளவுதான்.

ஐயாவுக்கு ஒரே சந்தோஷம். "பழசைவிட இதமா இருக்கு. பல்லே கூசலை" என்று சொல்லிச் சொல்லிப் பிடித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் மாமி கேட்டார், "நன்னா மின்னறதே. பிளாஸ்டிக்காடி?"

"பிளாஸ்டிக்கா? நல்லாக் கேட்டீக மாமி! அசல் எருமைக் கொம்பு. பாரினுக்குப் போற சரக்கு."

ஐயா பைப்பை வாயிலிருந்து எடுத்துப் பல்லியைப் பிடித்ததுபோலத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். மாமி போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

"சிவ சிவா! எருமைக் கொம்பையாடி அவர் வாய்ல வச்சே?"

"கொம்ப யாரு மாமி திங்கா? ஐயா போடுற பூட்ஸு மட்டும் எதுல செஞ்சதாம்?"

"பூட்ஸை வாய்ல வச்சுப்பாளாடி யாராவது?"

ஐயா குளியலறைக்குள் போனார். வாய் கொப்பளிக்கிற சத்தம் நிற்கவே இல்லை. மாமி பைப்பைக் காகிதத்தில் சுருட்டி, இதைச் சாக்கடையில் போட்டுவிட்டுத்தான் தலை முழுகவேண்டும் என்றார். என்னை நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். ஐயா வெளியே வந்தார். ஒரு வார்த்தை சொல்வார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்லவில்லை.

வீட்டில் வந்து சொன்னதும் என் வீட்டுக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு, "சாக்கடையிலயா போட்டாக?" என்று அதை மட்டும்தான் கேட்டார். அவர் மௌத்தாகிக் கண்ணை மூடும்வரை அந்த வீட்டுப் பேச்சை நான் எடுத்ததே இல்லை.

இப்போது ஐயாவும் போய்விட்டார். பைப்பைச் சரிசெய்து அவர் படத்துக்குப் பக்கத்தில் வைக்கவேண்டும் என்று பேரன் ஆசைப்படுகிறானாம். மாமி எப்படியோ என் போன் நம்பர் விசாரித்துக் கூப்பிட்டிருந்தார்.

"இது எப்படி மாமி இன்னும் இருக்கு?"

மாமி குரலைத் தாழ்த்தினார். "போடறேன்னு நான்தான் சொன்னேன். அவர் எடுத்து ஒளிச்சு வச்சுண்டார். கடைசி வரைக்கும் இதையேதான் பிடிச்சார். வேற எதுவும் வாய்க்கு ஒத்துக்கலையாம். நானும் தெரியாத மாதிரி இருந்துட்டேன்."

என் வீட்டுக்காரர் கைவேலையைக் காலமெல்லாம் வாயில் வைத்துக்கொண்டிருந்த மனுஷன், என்னை வாசலோடு அனுப்பும்போது வாய் திறக்கவில்லையே!

"அப்ப என்னை ஏன் மாமி போகச் சொன்னீக?"

மாமி துணியின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தார். பிறகு, "புதுத் தண்டை வேற எதுலயாவது போடச் சொல்லேன். படத்துக்குப் பக்கத்துல இருக்கப் போறது. மாட்டுப்பொண் ஏதாவது சொல்லுவா" என்றார்.

நான் எழுந்துகொண்டேன். "எம் மவன்தான் செய்யணும். கொம்புல மட்டுந்தான் செய்வான். சம்மதம்னா உள்ள இருக்க உங்க மருமகளுக்கும் கேக்கும்படியா வாயால சொல்லுங்க. இல்லன்னா நான் போயிட்டு வாரேன்."

மாமி சமையலறைப் பக்கம் பார்த்தார். உள்ளே மருமகள் மிக்சி ஓட்டிக்கொண்டிருந்தாள். அது நிற்கும்வரை காத்திருந்தார். நின்றதும், அன்றைக்குக் கத்திய அதே தொண்டையில் சொன்னார்:

"எருமைக் கொம்புலயே பண்ணச் சொல்லு. அவருக்கு அதுதான் பிடிக்கும்."

உள்ளே கரண்டி ஒன்று விழுந்தது. நான் பைப்பை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

நேற்று மகன் பட்டறையில் அந்தப் பிளந்த தண்டை எண்ணெய் விட்டுக் கழற்றினான். "இதைக் குப்பையில போட்டுரவா உம்மா?" என்றான். கொண்டா என்று கையை நீட்டினேன். ஒரு பக்கம் என் வீட்டுக்காரர் இழைத்த வழவழப்பு அப்படியே இருக்கிறது. மறுபக்கம் ஐயாவின் பல். தடவிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.