குயினோன் பட்ட விரல்கள்

கோவில்பட்டியில் புதிதாகத் தொடங்கிய கல்லூரியில் நான் வேதியியல் சொல்லிக்கொடுத்த முதல் வருஷம் அது. குயினோன் என்ற மஞ்சள் பொருளைத் தயாரிக்கும் செய்முறை வகுப்புக்கு ஹைட்ரோகுயினோன் வேண்டும். சென்னையிலிருந்து பார்சல் வரவில்லை. போட்டோ கழுவ அதைத்தான் கரைப்பார்கள் என்பது நினைவுக்கு வந்து, கடைத்தெரு ஸ்டுடியோவில் கேட்டேன். ஸ்டுடியோக்காரர் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

மரத்தூளில் புதைத்து விற்கும் ஐஸ் கட்டியை வாங்கி உடைத்துக் குடுவையைச் சுற்றிப் போட்டோம். அமிலம் கலந்த ஹைட்ரோகுயினோன் கரைசலில் டைக்ரோமேட் உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டதும் முதலில் கரும்பச்சையாகப் படிந்தது. பிறகு மெல்ல மஞ்சளானது. வடிகட்டியபோது அந்த நெடியில் எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர். பாத்திரங்களை நானே வெறுங்கையால் கழுவினேன். சாயங்காலத்துக்குள் விரல்கள் பழுப்பாகிவிட்டன.

மறுநாள் புதூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். எலுமிச்சை தேய்த்தும் கறை போகவில்லை. காபி கொடுக்கும்போது மாப்பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"மருதாணி அழிஞ்சு போச்சோ?"

ஆமாம் என்று சொல்லும்படி என் அம்மா கண்ணைக் காட்டினார். எனக்கு மனசு வரவில்லை.

"இல்ல அத்தை. காலேஜ்ல குயினோன் செஞ்சோம், அந்தக் கறை. மருதாணியில செவப்பு ஏத்துததும் இதோட குடும்பந்தான்."

மாப்பிள்ளை மில்லில் வேலை பார்த்தார். குயினோன் எதற்கு ஆகும் என்று கேட்டார். வேறொரு பொருளிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கி அந்தப் பொருளையே புதிதாக்கிவிடும் என்றேன். பிடுங்கியதைத் தானே வைத்துக்கொண்டு பழையபடி ஹைட்ரோகுயினோன் ஆகிவிடும். சில பொருள்களோடு சேர்ந்து அணுக்களின் புது வளையமாகவும் மூடிக்கொள்ளும்; மருந்துகள் செய்கிறவர்களுக்கு அந்த வளையம்தான் தேவை. வகுப்பில் பேசுவதுபோல் நீட்டிவிட்டேனே என்று கூச்சமாக இருந்தது.

அத்தை என் கையை இன்னும் விடவில்லை.

"பிரிக்கவும் செய்யுது, சேக்கவும் செய்யுது. எல்லா வீட்டுலயும் நடக்குததுதான" என்றார். என் அம்மாவே சிரித்துவிட்டார்.

ஆவணியில் கல்யாணம். வேலையை விடச் சொல்வார்களோ என்று உள்ளுக்குள் பயந்திருந்தேன். யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. காலையில் நானும் அவரும் புதூரிலிருந்து ஒரே பஸ்ஸில் கோவில்பட்டிக்குப் போவோம். பருத்திக்காட்டுப் புழுதி ஜன்னல் வழியாக மடியில் வந்து விழும். எனக்கு இடம் பிடிக்க அவர் முன்னாலேயே ஓடி ஏறுவார்.