இடது பக்கம் இழுத்த வண்டி

அந்தத் தெருவில் அவருக்கு ஆட்டக்காரர் என்று பட்டப்பெயர். சீட்டாட்டமும் கிடையாது, வேறு ஆட்டமும் கிடையாது. ஜாக்கி போட்டுத் தூக்கிய காரின் முன்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்க்கிற மெக்கானிக் அவர். பக்கவாட்டில் ஆடினால் ஸ்டியரிங் கம்பியின் மூட்டு தேய்ந்திருக்கும். மேலும் கீழுமாக ஆடினால் சக்கரத்தைத் தாங்குகிற பால் ஜாயின்ட். இருபத்தாறு வருஷமாக இதே ஆட்டம்தான்.

அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. குறை சொல்கிறவரே வண்டியை ஓட்ட வேண்டும், தான் பக்கத்து சீட்டில் உட்கார வேண்டும். "நீங்க ஓட்டும்போதுதான கோளாறு வருது? அப்ப நீங்களே ஓட்டுங்க" என்பார். எவ்வளவு பெரிய மனிதர் அவசரப்பட்டாலும் மசிய மாட்டார்.

ஊருக்கு ஒரு சட்டம், வீட்டுக்கு ஒரு சட்டம் என்பது அவர் விஷயத்திலும் உண்மையாகிப் போனது. அவர் மனைவி ஒரு சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளர். தினமும் வீட்டுக் காரில்தான் வேலைக்குப் போவாள். ஒருநாள் சாவியை ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"ஏங்க, வண்டி இடது பக்கமா இழுக்குது."

காற்று குறைந்திருக்கும் என்று அடித்துவிட்டார். மறுவாரமும் அதே புகார். முன் டயர் இரண்டையும் இடம் மாற்றினார். கோளாறு டயரில் இருந்தால் இப்போது வலது பக்கம் இழுக்க வேண்டும். அதுவும் இல்லை, இடதுதான் என்றாள். பிரேக் பிடித்துக்கொள்கிறதோ என்று சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார், சூடு இல்லை. இரண்டு முறை அலைன்மென்ட் பார்த்தார். கடைசியில் தானே ஓட்டிப் பார்த்தார்.

"நேராத்தான போகுது?"

"உங்களக் கண்டா பயம், நேராப் போகும். எங்கிட்டதான் வேலையக் காட்டுது."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரிக்கும்போதே கையிலிருந்த தம்ளர் நழுவி விழுந்தது. அந்த மாதத்தில் அது மூன்றாவது தம்ளர். "சோப்புத் தண்ணியிலயே கிடந்து கை வழுக்குது" என்று இடது கையால் எடுத்தாள். அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், பாவி மனுஷன். கோளாறு என்றால் அது வண்டியில்தான் இருக்கும் என்று மனசு பழகிப் போயிருந்தது.

இப்படியே நான்கு மாதம். ஒரு மாலை அவள் சலவைக்கூட வாசல் தூணில் உரசிக்கொண்டு வந்தாள். இடது பக்கக் கதவு முழுக்கக் கீறல். அப்போதுதான் அவருக்குத் தன் சட்டம் ஞாபகம் வந்தது.

"நீயே ஓட்டு. நான் பக்கத்துல உக்காருறேன்."

இரண்டு தெரு போனார்கள். அடியில் ஏதாவது தட்டுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தவர், தற்செயலாக ஸ்டியரிங்கைப் பார்த்தார். அவள் வலது கை அதன் மேல் இருந்தது, ஆனால் பிடிக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து மடியில் விழுந்தது. இடது கையின் பாரம் மட்டும் வண்டியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தது. அது அவளுக்குத் தெரியவே இல்லை.

"நிறுத்தும்மா."

ஓரமாக நிறுத்திவிட்டு, "கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்று ஆசையாகக் கேட்டாள்.

"வலது கையால என் விரலப் பிடி. நல்லா இறுக்கிப் பிடி."

"பிடிச்சுத்தான் இருக்கேன்" என்றாள். அவர் விரல் எந்த அழுத்தமும் இல்லாமல் அவள் உள்ளங்கையில் கிடந்தது.

மூளையில் கட்டி. "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமே" என்றார் டாக்டர். குற்றம் சாட்டுகிற குரலில் இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். அந்த நான்கு மாதத்தில் டயரை மாற்றிக்கொண்டிருந்தேன் என்று எந்த வாயால் சொல்வது?

ஆறு வாரம் இருந்தாள். கடைசிக்கு முந்தின நாள், பேச்சு குழறக் குழறக் கேட்டாள்:

"வண்டில... என்னதான் கோளாறு?"

"டயருதான். மாத்திட்டேன். நீ சொன்னதுதான் சரி."

"நான்தான்... அப்பவே சொன்னேனே" என்றாள். முகத்தில் ஜெயித்த சந்தோஷம்.

எல்லாம் முடிந்து பத்து நாள் கழித்து அவர் அந்தக் காரை எடுத்தார். சலவைக்கூடத்துக்குப் போகிற நீளமான சாலையில் வேகத்தைக் குறைத்து, இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தார். நூல் பிடித்த மாதிரி போனது வண்டி.

"கொஞ்சம் இழுத்துத் தொலையேன்" என்று அதனிடம் கெஞ்சினார். அது நேராகவே போனது.