சாமான் பார்க்கிறவள்

சத்தியவேட்டுக்கு பஸ் விட்ட வருஷமோ, அதற்கு அடுத்ததோ, எங்கள் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்து கோடி போனது. இப்போது மகன் அதே ஏரிக்கரையில் கூடாரம் போடப் போகிறான். ரப்பர் படகை ஊதிக்கொண்டே, "அம்மா டெண்ட்டுல சாமானப் பாத்துக்கினு இருக்கட்டும்" என்று என் மனைவியைக் காட்டிச் சொன்னான். அந்த ரப்பர் வாசனை, நான் சிறுவனாயிருந்த அந்த வருஷத்துக்கு என்னை இழுத்துப் போயிற்று.

கோடி போனால் ஏரி காக்கும் கங்கம்மாவுக்கு ஆடு வெட்டி, ஊரே கரையில் சமைத்துத் தங்கும். எங்கள் அப்பா, நைனா, பிள்ளைகள் எங்களை லாரி ட்யூபில் மிதக்கவிட்டார். என் அம்மா மட்டும் அடுப்படியில்.

"நானும் ஏறுறேன்யா."

"புடவ நனஞ்சிடும்மே."

"நனயட்டும். தொவைக்கறது நீயா இன்னா?"

கரையே சிரித்தது. நைனா ட்யூபைப் பிடித்துக்கொண்டார். தண்ணீரில் அம்மா போட்ட கும்மாளத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

மருமகளைக் கூப்பிட்டேன். "உங்க அத்தைகிட்ட சொல்லிடும்மா. படகுல மொதல்ல அவதான் ஏறணும். சாமான நான் பாத்துக்கறேன்."