மயில் மார்க்கும் மஞ்சள் தாளும்

குத்தாலம் கடைத்தெருவில் எங்கள் சீவலுக்கு மயில் மார்க் என்று பெயர் வைத்தவள் நான். பாக்கை ஊறவைத்துச் சீவி, நெய்யில் புரட்டி, பன்னீர் தெளித்து, மஞ்சள் தாளில் பொட்டலம் கட்டுவோம். தாளின் மேல் தோகை விரித்த மயில். மயில் கோழி மாதிரி இருக்கிறது என்று அச்சாபீஸ்காரரை மூன்று முறை திருப்பி அனுப்பியவளும் நான்தான். என் வீட்டுக்காரர் கல்லாவில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

அவருடைய தம்பியும் தம்பி பெண்டாட்டியும் தனியாகப் போய், அதே தெருவின் மறுகோடியில் கடை போட்டார்கள். பலகையில் மயில் மார்க்! கேட்கப் போனால், "குடும்பப் பேருதானேக்கா, நாங்க என்ன வெளியாளா?" என்று சிரித்தாள் என் ஓரகத்தி. அந்தச் சிரிப்புதான் எனக்கு ஆகாது. அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே ஆகாது. என் வாணலிக்குப் பக்கத்தில் நின்று வேலை கற்றவள். ஆனால் அவள் வறுத்தால் வாசனை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். நடவுக்குப் போகிற பெண்கள் என் கடையைத் தாண்டிப் போய் அவளிடம் கதை பேசி நிற்பதைப் பார்த்தால் வயிறு எரியும். பொய் சொல்வானேன், பொறாமைதான்.

விடுவேனா? வீட்டுக்காரரை உலுக்கி எடுத்து மாயவரத்து வக்கீலிடம் இழுத்துக்கொண்டு போனேன். "பேரையும் மயில் படத்தையும் பதிஞ்சிடலாம். தாளோட கலரையும் சேத்துக்கலாமா?" என்று கேட்டார் வக்கீல்.

"கலர யாருங்க பாக்கப்போறா? பேரும் மயிலும் போதும்," என்றேன். பெரிய புத்திசாலி நான்.

மெட்ராஸிலிருந்து பதிவுப் பத்திரம் வந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேல் மாட்டினேன். நோட்டீஸ் போன மறுநாளே அவள் பலகையை இறக்கிவிட்டாள். சண்டைக்கு வருவாள் என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்ற எனக்குப் பெரிய ஏமாற்றம். பலகையில்லாத கடையில், படம் போடாத மஞ்சள் தாளில் கட்டி விற்றாள்.

அது ஆட்சி மாறிய புதிது. ஏழைகளின் காலம் பிறந்துவிட்டது என்று மேடைக்கு மேடை பேசினார்கள். கூலியாட்கள் வயலில் சிவப்புக் கொடி நட்டு, குறுவை அறுப்புக் கூலியில் ஒரு படி நெல் கூடக் கேட்டார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள், பின்னாலேயே போலீஸ். பண்ணைக் காரியக்காரர் கடை கடையாக ஏறி, "கொடி புடிச்ச தெருவுக்கு யாரும் எதுவும் விக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டுப் போனார். பண்ணை வீட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் எங்கள் சீவல்தான். நான் தலையாட்டினேன். தெருவே தலையாட்டியது. அவள் ஒருத்திதான் கடையைத் திறந்துவைத்து எல்லோருக்கும் விற்றாள். காரியக்காரர் சத்தம் போட்டதற்கும் சிரித்தாளாம். ஊர் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தது. எனக்கு அந்தப் பேச்சைக் கேட்கவே பிடிக்கவில்லை.

கூலி பேசி முடிந்து சம்பா நடவு தொடங்கியது. கொடித் தெருவிலிருந்து ஒருவரும் என் படி ஏறவில்லை. அவள் கடைக்குச் 'சின்னவங்க கடை' என்றே பெயராகிவிட்டது. எந்த ஆபீஸிலும் பதியாத பெயர்.

ஒரு நாள் அவள் பிறந்த வீட்டு விசேஷத்துக்காகக் கடையைச் சாத்திவிட்டுப் போயிருந்தாள். அன்று காலில் நடவுச் சேறு காயாத ஒரு பெண் என் கடை முன் வந்து நின்றாள். பக்கத்து ஊர்க்காரி, முகம் புதிது. மஞ்சள் பொட்டலத்தைக் காட்டி, "ஏம்மா, இது சின்னவங்க சீவல்தானே?" என்றாள்.

மயில் தெரியும்படி பொட்டலத்தைத் திருப்பி வைத்தேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை.

"மஞ்சத்தாளு பாத்து வாங்குன்னு எங்கூருல சொல்லி அனுப்புனாங்க. வேற யாருதாச்சும்னா வேணாம்மா," என்று திரும்பிப் போகக் கிளம்பினாள்.

என் தலைக்கு மேல் பத்திரம் தொங்கிக்கொண்டிருந்தது.

"அவங்களுதுதான். எடுத்துக்க," என்றேன்.